குச்சிக்கிழங்குக் காட்டுக்கு வாருங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, அன்புள்ள தம்பி தங்கைகளே,

காப்புரிமை விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது என் தொழில். பம்புசெட் செய்கிறவர், நூற்பாலையில் ஃபிட்டராக இருந்துகொண்டே இயந்திரத்தின் ஒரு பாகத்தைத் தன் போக்கில் மாற்றி அமைத்தவர், மருந்து கம்பெனி, கல்லூரி என்று பலருடைய கோப்புகளும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் கல்லூரிக் கோப்புகளைப் பற்றி உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். சில ஆண்டுகளாக அவற்றில் மூன்று வகைத் தலைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன: செயற்கை நுண்ணறிவால் பயிர் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி, தொழிற்சாலை உற்பத்தியைக் கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்’ அமைப்பு, மின்சாரம் குறைவாக இழுக்கும் டிஸ்பிளே. மூன்றும் நாட்டுக்கு வேண்டியவைதான். ஆனால் திறந்து படித்தால், பலவற்றில் யாரும் எதையும் செய்து பார்த்த தடமே இல்லை. கருவியின் படம் இருக்கும். அது எந்த வெப்பநிலையில் வேலை செய்தது, எந்த வயலில் வைத்துப் பார்த்தார்கள், எப்போது தவறியது என்று ஒரு வரி இருக்காது.

காப்புரிமை என்பது அரசு தரும் பாராட்டுப் பத்திரம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது ஓர் ஒப்பந்தம். நீங்கள் கண்டுபிடித்ததை ஒளிக்காமல், அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் படித்துவிட்டு அப்படியே செய்யும் அளவுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். பதிலுக்கு அரசு 20 ஆண்டுகளுக்கு உங்களைத் தவிர வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்கிறது. அந்தக் காலம் முடிந்ததும் அது ஊருக்கே சொந்தம். எழுதிக் கொடுத்ததில் சரக்கு இல்லையென்றால் ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் காலி.

இதன் நடைமுறையில் ஒரு படியைத்தான் இப்போது பலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். விண்ணப்பம் போட்டால் 18 மாதம் கழித்து அது அலுவலக இதழில் வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியாகிவிடும். இந்த வெளியீட்டுக்கும் கண்டுபிடிப்பின் தகுதிக்கும் சம்பந்தமில்லை. அதிகாரி யாரும் அதுவரை அதைப் படித்துச் சோதித்திருக்க மாட்டார். சோதிக்கச் சொல்லிப் படிவம் 18 தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு 48 மாத அவகாசம் இருந்தது, 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு 31 மாதம். அதற்குள் கேட்காவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகச் சட்டம் கருதிவிடும். தரவரிசைகளிலும் கல்லூரியின் அப்ரைசல் படிவங்களிலும் ‘வெளியானது’ என்பதற்கே மதிப்பெண் உண்டு என்பதால், பலர் படிவம் 9-ஐக் கொடுத்து, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு, படிவம் 18-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த விண்ணப்பம் அங்கேயே செத்துப்போகிறது. எண்ணிக்கை மட்டும் கல்லூரியின் இணையப் பக்கத்தில் நிற்கிறது.

இதை வைத்து ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. உங்கள் கைபேசிக்கும் அந்த விளம்பரம் வந்திருக்கும்: தயாராக ஒரு தலைப்பு, முதல் பெயருக்கு ஒரு விலை, நான்காம் பெயருக்கு ஒரு விலை, சில வாரங்களில் சான்றிதழ். இதன் இன்னொரு வடிவம் ‘யூ.கே. பேட்டன்ட்’. ஒருமுறை இளம் உதவிப் பேராசிரியை ஒருவர் தம் சான்றிதழைச் சரிபார்த்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். பயிர் நோய் கண்டறியும் கருவி என்று தலைப்பு. படத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, முகப்பில் சின்னத் திரை, மேலே கேமரா, பக்கத்தில் ஆன்டெனா. அது பிரிட்டனின் டிசைன் பதிவு. டிசைன் பதிவு பொருளின் வெளித்தோற்றத்தை மட்டுமே காக்கும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தோற்றம் புதியதுதானா என்றுகூடப் பதிவின்போது பிரிட்டன் அலுவலகம் சோதிப்பதில்லை. சான்றிதழில் பெயர் இருந்த மற்றவர்களில் ஒருவரைக்கூட அந்த அம்மாவுக்கு நேரில் தெரியாது. அடுத்த இன்கிரிமென்ட்டுக்கு இது வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாகப் படித்த, வகுப்பில் உழைக்கிற ஓர் ஆசிரியரைத் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்டி இப்படி ஒரு தாளை வாங்க வைத்த ஏற்பாட்டின்மேல்தான் வந்தது.

உண்மையான காப்புரிமை ஒன்று எப்படி இருக்கும் என்று காட்ட, நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது ஜப்பானின் 2628404 எண் காப்புரிமை. கடைசி மூன்று இலக்கங்களை வைத்து அதை 404 காப்புரிமை என்பார்கள். ஷிகோகு தீவில், தொகுஷிமா மாநிலத்தின் அனான் என்ற சிறு நகரத்தில் நிச்சியா என்றொரு நிறுவனம். தொலைக்காட்சிக் குழாய்க்கும் குழல் விளக்குக்கும் ஒளிரும் பொடி தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனி. அங்கே வேலை பார்த்தவர் ஷூஜி நாகமுரா. அப்போது சிவப்பு எல்.இ.டி. உண்டு, மங்கலான பச்சை உண்டு. பிரகாசமான நீலம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, முழு வண்ணத் திரையும் இல்லை.

காலியம் நைட்ரைடு என்ற பொருளை நீலக்கல் தகட்டின்மேல் மெல்லிய படலமாக வளர்க்க வேண்டும். தகடு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். மூலப்பொருளை வாயுவாக அனுப்பினால், தகட்டின் சூட்டிலேயே அது மேலெழுந்து போய்விடும், படலம் ஒழுங்காகப் படியாது. நாகமுரா அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்து இந்தப் படல வளர்ப்பு முறையைக் கற்றுக்கொண்டு 1989-இல் திரும்பினார். வாங்கிய இயந்திரம் சொன்னபடி கேட்கவில்லை. காலையில் இயந்திரத்தைப் பிரித்து மாற்றுவார், மதியம் படலம் வளர்த்துப் பார்ப்பார், மறுநாள் காலை மறுபடி பிரிப்பார். ஒன்றரை ஆண்டு இப்படிப் போனது. குழாயை அவரே வளைத்தார், அவரே பற்றவைத்தார். கடைசியில் அவர் கண்டது கேட்பதற்கு எளிமையானது. மூலப்பொருள் கலந்த வாயுவைத் தகட்டுக்குப் பக்கவாட்டில் அனுப்பிவிட்டு, மேலேயிருந்து நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த இன்னொரு வாயுவைச் செங்குத்தாக இறக்கினார். எழும்பப் பார்த்த வாயுவை இது தகட்டோடு அழுத்திப் பிடித்தது. படலம் படிந்தது.

1990 அக்டோபரில் விண்ணப்பம் போனது. ஆய்வுக் கட்டுரை அதற்கு மறு ஆண்டுதான் வெளிவந்தது. இந்த வரிசையை ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் முதலில் மாநாட்டில் கட்டுரை வாசித்து, புராஜெக்ட் எக்ஸ்போவில் எல்லோருக்கும் காட்டி, பரிசு வாங்கி, அதற்கப்புறம் என்னிடம் வருகிறார்கள். பொதுவில் வைத்துவிட்ட பொருள் அதன் பிறகு சட்டத்தின் கண்ணில் புதியது ஆகாது. சில வகைக் கண்காட்சிக்கும் அறிவியல் சங்க வாசிப்புக்கும் 12 மாத விலக்கு உண்டு. அது குறுகிய வாசல், அதை நம்பி இறங்க வேண்டாம். தற்காலிக விவரக்குறிப்போடு முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் முழுவதும் எழுத 12 மாதம் கிடைக்கும். தனியாட்களுக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கல்வி நிறுவனங்களுக்கும் 2021 முதல் 80 விழுக்காடு சலுகை இருக்கிறது.

நிச்சியா 1993 நவம்பரில் பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்தது. நீலத்தின்மேல் மஞ்சள் ஒளிரும் பொடி பூசி வெள்ளை ஒளி வந்தது. எல்.சி.டி. கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி கொடுப்பது அதுவே. நாகமுராவுக்கு நிறுவனம் கொடுத்த காப்புரிமை ஊக்கத்தொகை 20,000 யென். அவர் 2001-இல் வழக்குப் போட்டார். 2004 ஜனவரியில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் 2005-இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-இல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழக்கு நடக்க முடிந்ததற்குக் காரணம், வேலையில் இருந்தபடி கண்டுபிடித்தவருக்கு நியாயமான பங்கு உண்டு என்று ஜப்பானின் சட்டத்திலேயே இருந்ததுதான். நம் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறதோ அதுதான். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரிமையைக் கல்லூரி பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னால், பிரதி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பாளர் பெயரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: தாளாளர் பெயரையும் முதல்வர் பெயரையும் மரியாதைக்காகச் சேர்க்காதீர்கள். ‘உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்’ என்று அறிவிக்கும் இடம் அது. மரியாதையை விழா மேடையில் செய்துகொள்ளலாம்.

உற்பத்தித் துறைக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த பைக் எஞ்சினுக்கு பஜாஜ் பெற்ற இந்தியக் காப்புரிமை 195904. 2007-இல் டி.வி.எஸ். ‘ஃப்ளேம்’ பைக்கைக் கொண்டுவந்தபோது விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி விற்பனைக்குத் தடை விதித்தார், 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது, உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2019-இல்தான் சமரசம். பத்தாண்டு வாதமும் சிலிண்டர் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர், இரண்டு பிளக், மூன்று வால்வு என்ற சில சொற்களைச் சுற்றியே நடந்தது. உரிமைக்கோரிக்கையில், அதாவது நாங்கள் கிளெய்ம் என்று சொல்கிற பகுதியில், ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலிக்கல். உங்கள் ஸ்மார்ட் உற்பத்தி விண்ணப்பத்தின் முதல் கிளெய்மை எடுத்துப் படியுங்கள். அதைப் பார்த்து ஓசூரிலோ கோவையிலோ ஒரு தொழிற்சாலைக்காரர், இதை நாம் செய்ய முடியாது போலிருக்கிறதே என்று ஒரு நிமிடமாவது யோசிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பயிர் நோய்க்கு வருகிறேன். நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் இதில் எனக்கு ஆதங்கம் அதிகம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் இலைப்படத்தைப் பார்த்து நோய் சொல்லும் மென்பொருள் ஏராளம். அவற்றில் பல ஒரே படத்தொகுப்பில்தான் பயிற்றப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹியூஸும் சுவிட்சர்லாந்தின் மார்செல் சலாத்தேயும் தொடங்கிய பிளான்ட்வில்லேஜ் தொகுப்பு அது. 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். 2016-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 99.35 விழுக்காடு துல்லியம் என்று இருக்கிறது. நம் விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் இந்த 99 தவறாமல் வந்துவிடும். அதே கட்டுரையில் அவர்களே நேர்மையாக எழுதியிருக்கும் இன்னொரு எண் மட்டும் வருவதில்லை: வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் 31 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு விழுந்துவிட்டது.

ஏன் விழுந்தது? அந்தப் படங்களில் இருப்பவை செடியிலிருந்து பறித்து, ஒரே நிறத் தாளின்மேல் வைத்து எடுத்த ஒற்றை இலைகள். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் கூர்மையாகச் சோதித்தது. இலையைக் காட்டாமல், ஒவ்வொரு படத்தின் பின்னணியிலிருந்தும் 8 புள்ளிகளின் நிறத்தை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். பயிரும் நோயும் சேர்ந்த 38 வகைகளில் எது என்று அது 49 விழுக்காடு சரியாகச் சொல்லிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 விழுக்காடுதான் வரும். என்ன பொருள்? இந்த வகை நோயின் படங்களை ஒரு நாள் ஒரு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள், அந்த வகையை இன்னொரு நாள் வேறு வெளிச்சத்தில். மென்பொருள் நோயைக் கற்பதற்கு முன்பே தாளின் நிறத்தைக் கற்றுக்கொள்கிறது. 99 விழுக்காட்டில் இது எவ்வளவு, நோய் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணை உழவருக்கான வாக்குறுதியாக எழுதக் கூடாது.

அந்த 14 பயிர்கள் எவை என்றும் பாருங்கள். ஆப்பிள், புளூபெர்ரி, செர்ரி, பீச், ஸ்ட்ராபெர்ரி, சோயா, மக்காச்சோளம், தக்காளி, உருளை, திராட்சை போன்றவை. நெல் இல்லை. வாழை இல்லை. மஞ்சள், கடலை, தென்னை, மரவள்ளி எதுவும் இல்லை. தஞ்சாவூரிலும் ஈரோட்டிலும் இருக்கும் கல்லூரிகள் ஆப்பிள் சொறி நோயைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வயலில் நெல் குலை நோயில் கருகுவதை, வாழையில் முடிக்கொத்து நோய் ஏறுவதைப் படமெடுக்கப் பலரும் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம், அது விளையும் நிலத்தைக் காடு என்போம். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகள் இந்தக் கிழங்கை நம்பியே ஓடுகின்றன. அதைப் பிடித்த பெரிய நோய் தேமல். இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக வரும், இலை ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், புதிய துளிர் சிறுத்துச் சுருங்கும், கிழங்கு பருக்காது. காரணம் வைரஸ். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. அதைவிடப் பெரிய வழி நம் கைதான். மரவள்ளியை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. போன வெள்ளாமையின் தண்டையே துண்டு துண்டாக வெட்டி நடுகிறோம். நோய்ச் செடியின் குச்சியை நட்டால் முளைப்பதே நோயோடு முளைக்கும். நம் பகுதியில் இருக்கும் அதே வைரஸ் 2015 வாக்கில் கம்போடியாவில் தென்பட்டு, நோயுள்ள குச்சிகளின் வழியாக வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் பரவியது.

நோய் வந்த செடிக்கு மருந்து இல்லை. ஆகவே முற்றிய தேமலைக் கைபேசியில் படமெடுத்து, ‘இது தேமல்’ என்று ஒரு செயலி சொன்னால் அந்தக் குடியானவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவர் கண்ணுக்கே அது நெடுந்தூரத்தில் தெரியும். சில வேளை சத்துக் குறைவையோ மாவுப்பூச்சியால் நுனி சுருண்டதையோ தேமலோடு குழப்பிக்கொள்ளலாம். அங்கே செயலி கொஞ்சம் உதவும். (அந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கான விடையும் செயலியாக வரவில்லை. ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.) அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. கிழங்கு பிடுங்கியபின், அடுத்த நடவுக்காக நிழலில் நிமிர்த்திச் சாத்தி வைத்திருக்கும் குச்சிக் கட்டில் எந்தக் குச்சி சுத்தம், எது வைரஸ் சுமக்கிறது? அப்போது அதில் இலையே இருக்காது. எந்தக் கேமராவுக்கும் அங்கே வேலை இல்லை. இந்தக் கேள்வியைக் காட்டுக்கு வந்து பேசினால்தான் கேட்க முடியும்.

இதற்கு விடை தேடும்போது, காலாவதியான காப்புரிமைகள் எப்பேர்ப்பட்ட சொத்து என்பது புரியும். நோய்க்கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்க பி.சி.ஆர். வேண்டும் என்று கொரோனா காலத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. பி.சி.ஆருக்குச் சூட்டை ஏற்றி இறக்கும் இயந்திரம் தேவை. ஜப்பானின் ஐகென் கெமிக்கல் நிறுவனம் 2000-இல் எல்.ஏ.எம்.பி. என்ற வேறொரு முறையை வெளியிட்டது. 65 டிகிரி வாக்கில் ஒரே சூட்டில் வைத்திருந்தால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் மரபணு பெருகிவிடும். மூலக் காப்புரிமைக்கு 1999-இல் சர்வதேச விண்ணப்பம் போட்டார்கள், 20 ஆண்டுக் கணக்கு 2019-இல் முடிந்துவிட்டது. தேமல் வைரஸ் டி.என்.ஏ. வகை என்பதால் இந்த முறைக்கு நேராகவே பொருந்தும். முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியும் இருக்கிறார்கள். கால்சீன் போன்ற சாயம் சேர்த்தால், நோயுள்ள குழாய் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். அந்த நீல ஒளிக்கு நாகமுரா வழிவந்த எல்.இ.டி. நம் மின்னணுக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிஸ்பிளேக்காகப் பிறந்த ஒரு கண்டுபிடிப்பும் நோயறியப் பிறந்த இன்னொன்றும் உங்கள் பட்டறை மேசையில் சேர்ந்து உட்காரத் தயாராக இருக்கின்றன.

மிச்சம் இருப்பது பொறியியல். காய்ந்த குச்சியிலிருந்து சாறு எடுப்பது எப்படி? மரவள்ளிச் சாற்றின் பிசுபிசுப்பு வினையைக் கெடுக்காமல் பார்ப்பது எப்படி? ஒரு கட்டுக் குச்சியில் எத்தனையைச் சோதித்தால் நம்பலாம்? மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் 65 டிகிரியை ஒரு மணி நேரம் நிலையாகப் பிடிக்கும் சூடாக்கி எப்படி இருக்கும்? மண் கையோடு திறந்து மூடுகிற குழாய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கலப்படம் ஆகாமல் காப்பது எப்படி? இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு, நாலு முறை தோற்று ஐந்தாம் முறை நீங்கள் காணும் விடைதான் கண்டுபிடிப்பு. நான் எழுத வேண்டிய விவரக்குறிப்பும் அதுவே.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3, விவசாய முறைக்கும், அல்காரிதத்துக்கும், வெறுமனே நிற்கும் கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. ‘படமெடு, நியூரல் நெட்வொர்க்கில் போடு, நோய்ப் பெயரைத் திரையில் காட்டு’ என்ற கிளெய்ம் அங்கேதான் அடிபடும். மனிதருக்கும் விலங்குக்கும் நோய் கண்டறியும் முறையும் அந்தப் பிரிவில் விலக்கப்பட்டிருக்கிறது. ஆனால் செடி அந்த விலக்கில் இல்லை. குச்சியைச் சோதிக்கும் கருவிக்கும், சாறு எடுக்கும் புதிய வழிக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

தலைப்பு முடிவு செய்வதற்கு முன் காப்புரிமைத் தரவுத்தளத்தில் தேடுங்கள். இந்திய அலுவலகத்தின் தேடுதளமும் இலவசம், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டும் இலவசம். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் மட்டும் வாங்கி இந்தியாவில் விண்ணப்பிக்காத ஒன்றை இங்கே நீங்கள் செய்யலாம், விற்கலாம், தடை இல்லை. மாணவர்கள் இதைக் கேட்டதும் வியந்துபோகிறார்கள். இதை முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒன்று. ‘எத்தனை வெளியானது’ என்ற கட்டத்தை அப்ரைசல் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் சோதனைக்குப் போனது எத்தனை, அதிகாரியின் ஆட்சேபத்துக்கு ஆசிரியர் எழுதிய பதில் என்ன, யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று ஆண்டில் ஒரே ஒரு விண்ணப்பம் போட்ட ஆசிரியர், அதற்காக வாரம் ஒருமுறை வயலுக்கோ பட்டறைக்கோ போயிருந்தால், அவருக்குப் பாடவேளையைக் குறைத்துக் கொடுங்கள். ரெவ்யூவில் உட்காரும் எச்.ஓ.டி.க்கள் துல்லியம் எத்தனை விழுக்காடு என்று கேட்பதற்கு முன், படம் எங்கே எடுத்தது, யாருடைய நிலம், என்ன மாதம் என்று கேளுங்கள். இரண்டு பேட்ச் மாணவர்கள் பதில் தெரியாமல் விழிப்பார்கள். மூன்றாவது பேட்ச் வயலுக்குப் போயிருக்கும்.

தம்பி தங்கைகளே, பெயர் போட விலை பேசும் விளம்பரத்துக்கு உங்கள் கைடு பதில் அனுப்பச் சொன்னால், வேண்டாம் ஐயா, வேண்டாம் அம்மா என்று தயங்காமல் சொல்லுங்கள். வேலைக்கான நேர்காணலில் அந்தத் தாளைப் பார்த்து, இதில் நீ என்ன செய்தாய் என்று ஒருவர் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கிழங்கு பிடுங்கிக் குச்சி கட்டிவைக்கும் சமயத்தில், நான்கைந்து பேராக ஒரு குழு வரத் தயாராக இருந்தால், காட்டுக்காரர்களிடம் பேசி வைக்கிறேன். ஏத்தாப்பூர் நிலையமும் அருகில்தான், நோய்ச்செடியையும் சுத்தமான செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டக்கூடிய விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற ஒருவரையும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், தனித் துறையாக வந்தால் வேலை பாதியில் நிற்கும். செய்து பார்த்த நோட்டுப் புத்தகத்தை, தோற்ற நாள்களின் பக்கங்களையும் கிழிக்காமல், என்னிடம் கொண்டுவாருங்கள். விவரக்குறிப்பும் கிளெய்மும் நான் எழுதித் தருகிறேன். என் கட்டணம் வேண்டாம். அரசுக் கட்டணம் 1,600 ரூபாயை மட்டும் நீங்கள் கட்டுங்கள், படிவம் 18-க்கான பணத்தையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களில் பலருடைய விண்ணப்பங்களைப் படித்து வருகிற ஒரு காப்புரிமை முகவர்